வள்ளம் ஆட வேண்டுமென்றால்

உவர்மலையில் நின்று மேற்கே பார்த்தால் திருகோணமலை உட்துறைமுகம் ஒரே பார்வைக்குள் வந்துவிடும். கரையோரம் கட்டிக் கிடக்கும் வள்ளங்கள், நடுவே நங்கூரமிட்ட கப்பல் ஒன்றிரண்டு, அப்பால் சீனக்குடாப் பக்கம் மா ஆலையின் உயர்ந்த கட்டடங்கள், அவற்றுக்கும் பின்னால் நீலம் பாரித்த மலைகள். இரு பக்கமும் கடல் நெருக்கும் ஒடுங்கிய நிலத்தில் நகரம் இருப்பதால், சூரியன் ஒரு பக்கக் கடலில் எழுந்து மறுபக்கத் துறைமுகத்துக்கு மேலே இறங்கும். டேப்லெட்டும் பேனையும் வைத்திருக்கும் ஓவியருக்கு இதைவிட வசதியான மாலைக் காட்சி வாய்ப்பது அரிது.

வரைந்த காட்சியை ஓர் இணையப் பக்கத்தில் அசையவிட வேண்டும் என்று அந்த ஓவியர் நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இருபது லேயரில் வரைந்திருக்கிறார். ஆகவே பாதி வேலை முடிந்துவிட்டது என்று நம்புகிறார். அநேகமாக முடிந்திருக்காது. டேப்லெட் ஓவியங்களில் லேயர்கள் வரைபவரின் வசதிக்காகப் பிரிந்தவை. அடியில் பென்சில் கோடு, அதன் மேல் தட்டையான நிறம், அதன் மேல் நிழல், எல்லாவற்றுக்கும் மேலே வெளிச்சத் தீற்றல்கள். வள்ளத்தின் நிழலும் கப்பலின் நிழலும் மலையின் நிழலும் ஒரே லேயரில் கிடக்கும். வள்ளத்தை மட்டும் ஆட்டப் போனால் நிழல் நின்ற இடத்திலேயே நிற்கும். அசைவுக்கு வேண்டிய பிரிவு வேறு வகை. எது மற்றதிலிருந்து தனித்து நகருமோ, அது தன் கோடு, நிறம், நிழல் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு தனி லேயராக வேண்டும். இந்த ஒன்றை வரையத் தொடங்கும் முன்பே முடிவு செய்தவருக்கு மீதி வேலை பெரும்பாலும் கணக்குத்தான். முடிவு செய்யாதவர் படத்தைத் திரும்ப வரைவார்.

முதலில் லேயர் என்பது என்ன என்று பார்ப்போம். திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. லேயரில் உள்ள புள்ளிக்கு நான்காவதாக ஓர் எண் சேரும். அது அந்தப் புள்ளி தனக்குக் கீழே இருப்பதை எவ்வளவு மறைக்கிறது என்று சொல்வது. இதற்கு ஆல்ஃபா என்று பெயர். 1970களின் பிற்பகுதியில் நியூயோர்க் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஆல்வி ரே ஸ்மித்தும் எட் கேட்மலும் இந்த நான்காவது எண்ணைப் படத்தோடேயே சேர்த்து வைக்கும் வழியைக் கண்டார்கள். 1984இல் லூக்காஸ்ஃபிலிமில் இருந்த தொமஸ் போர்ட்டரும் டொம் டஃபும் ஒரு படத்தின் மேல் இன்னொன்றை வைப்பதற்கான கணக்கை முழுமையாக எழுதிக் கொடுத்தார்கள். இன்று கைப்பேசியில் திறக்கும் ஒவ்வொரு பக்கமும் அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

கணக்கு எளியது. தூரத்து மலையில் ஒரு புள்ளியின் பச்சை எண் 90 என்று கொள்ளுங்கள். அதன் மேல் மாலைப் புகாருக்காக 40 விழுக்காடு மறைக்கும் வெள்ளை லேயர் ஒன்று. வெள்ளையின் எண் 255. மேலுள்ளதில் 40 விழுக்காடு 102, கீழுள்ளதில் மீதி 60 விழுக்காடு 54, கூட்டினால் 156. மலை வெளிறிப் பின்னால் போய்விட்டது. காற்றில் இருக்கும் துணிக்கைகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் மூதூர்ப் பக்கத்துக் கரை நமக்கு வெளிறித் தெரிகிறது. தூரம் கூடக் கூட இடையில் இருக்கும் காற்றும் கூடும். ஆகவே ஒவ்வொரு தூரத்துக்கும் நடுவே இப்படி ஒரு மெல்லிய புகார் லேயர் வைத்தால், ஓவியர் தனித்தனியாக நிறம் தேடி அலைய வேண்டியதில்லை. கணக்கே வெளிறச் செய்யும்.

ஒளி ஊடுருவும் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும் யோசனை கணினிக்கு முந்தியது. அமெரிக்கரான ஏர்ல் ஹேர்ட் 1914இல் செலுலாயிட் தாள்களுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். பின்னணியை ஒரு தடவை வரைந்துவிட்டு, அசையும் உருவத்தை மட்டும் கண்ணாடி போன்ற தாளில் மாற்றி மாற்றி வரைவது அவர் முறை. ஜேர்மனியில் லொற்றே ரைனிகர் கத்தரித்த கறுப்பு அட்டை உருவங்களைக் கண்ணாடித் தட்டுகளின் மேல் வைத்து, ஒவ்வொரு படமாக நகர்த்தி, 1926இல் இளவரசன் அக்மதின் கதையை முழுநீளப் படமாக்கினார். 1937இல் டிஸ்னியின் ‘தி ஓல்ட் மில்’ குறும்படம் தட்டுகளுக்கு இடையே தூரம் விட்டு, தட்டுகளை வெவ்வேறு வேகத்தில் நகர்த்தும் கமராவோடு வந்தது. டிஸ்னியில் வேலை செய்த கிளேர் வீக்ஸ் பின்னர் மும்பைக்கு வந்து ஃபிலிம்ஸ் டிவிஷனில் இந்தியக் கலைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர்கள் 1957இல் எடுத்தது ஒரு ஜாதகக் கதை, ‘தி பனியன் டீர்’. திருகோணமலையின் ஃபிரெட்றிக் கோட்டைக்குள் மான்கள் திரிவதைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரருக்கு, நம் பக்கத்துச் செலுலாயிட் படம் ஒன்று மானைப் பற்றியது என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

துறைமுகப் படத்துக்கு வருவோம். அசைவை வைத்துப் பிரித்தால் பின்னிருந்து முன்னாக வானம், மலை, எதிர்க்கரைக் கட்டடங்கள், கப்பல், நீர், வள்ளம், கரையோரத் தென்னை என்று ஏழெட்டு லேயர் தேறும். பிரித்த உடனேயே ஒரு சிக்கல் முளைக்கும். வள்ளம் இடப்பக்கம் நகர்ந்ததும் அது நின்ற இடத்தில் நீரே இல்லை, ஓட்டை தெரியும். வரையும்போது கண்ணுக்குத் தெரியாது என்று விட்ட பகுதியையெல்லாம் இப்போது வரைந்தாக வேண்டும். கப்பலின் அடிப்பாகம், தென்னைக்குப் பின்னால் மறைந்த கட்டடம், வள்ளத்துக்குக் கீழே உள்ள நீர். எவ்வளவு நகரப்போகிறதோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வரைந்து வைத்தால் போதும்.

இன்னொன்று, நீரில் விழும் பிம்பம். பலர் வள்ளத்தையும் பிம்பத்தையும் ஒரே லேயரில் வைத்து ஒன்றாகத் தூக்கிவிடுவார்கள். பார்ப்பவருக்கு ஏதோ சரியில்லை என்று படும், என்னவென்று சொல்லத் தெரியாது. நீர்மட்டம் ஒரு கண்ணாடி. வள்ளம் 6 புள்ளி மேலே எழுந்தால் பிம்பம் 6 புள்ளி கீழே போக வேண்டும். அணியம் மேலே தூக்கினால் பிம்பத்து அணியம் கீழே சாய வேண்டும். பிம்பத்தைத் தனி லேயராக்கி, வள்ளத்தின் மேல்கீழ் அசைவுக்கும் சாய்வுக்கும் எதிர்க்குறி போட்டால் சரியாகிவிடும்.

கோப்பாக வெளியே எடுக்கும்போது இரண்டு பொறிகள் காத்திருக்கின்றன. ஒன்று நிழல் லேயரின் ‘மல்டிப்ளை’. டேப்லெட் செயலிகளில் நிழலுக்கு இதைத்தான் எல்லாரும் போடுவார்கள். மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் பெருக்கி 255ஆல் வகுப்பது அதன் வேலை. நீரின் எண் 200, நிழலின் எண் 150 என்றால் வருவது 118 அளவில். நீர் இருள்கிறது, ஆனால் நீராகவே தெரிகிறது. அதே நிழல் லேயரைத் தனியே பிஎன்ஜி கோப்பாக எடுத்தால் பெருக்கல் வழி கோப்போடு வராது. இணையப் பக்கத்தில் 150 என்ற சாம்பல் கறை நீரை மூடிக்கொண்டு நிற்கும். உலாவியிலும் மல்டிப்ளை உண்டு. ஆனால் அசையும் படத்தில் ஒவ்வொரு தடவையும் அதைக் கணக்கிட வைப்பது சின்னக் கைப்பேசிக்குச் சுமை. நிழலை அதன் பொருளோடு முதலிலேயே ஒன்றாக்கிவிடுவது மேல்.

மற்றது வெள்ளை ஓரம். வெள்ளைத் தளத்தில் தென்னோலையை வரைந்துவிட்டு வெள்ளையை அழித்து எடுத்தால், கீற்றின் விளிம்பில் பச்சையும் வெள்ளையும் கலந்த புள்ளிகள் மிஞ்சும். வெள்ளைத் திரையில் அது தெரியாது. அந்தி வானத்தின் மேல் வைத்துப் பாருங்கள்: ஒவ்வொரு கீற்றையும் சுற்றி உப்புப் பூத்த மாதிரி ஒரு கோடு. தளத்தை அணைத்துவிட்டு, எதுவும் இல்லாத லேயரில் வரைவதே இதற்கு மருந்து. வரையும்போதே அடியில் அடர்ந்த ஊதா லேயர் ஒன்றைப் போட்டு வைப்பது நல்ல பழக்கம். அழுக்கு உடனே தெரிந்துவிடும்.

இனி ஆழம். படகில் மூதூருக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். பக்கத்தில் நிற்கும் வள்ளம் விருட்டென்று பின்னால் போகும், நங்கூரமிட்ட கப்பல் மெதுவாக நகரும், மலை கூடவே வருவது போலிருக்கும். நாம் 10 மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் 50 மீட்டரில் உள்ள வள்ளம் பார்வையில் சுமார் 11 பாகை விலகும். 500 மீட்டரில் உள்ள கப்பல் ஒரு பாகைக்குச் சற்று மேல். 5 கிலோமீட்டரில் உள்ள மலை ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது முழுநிலவின் அகலத்தில் கால்வாசி. தூரம் பத்து மடங்கானால் விலகல் பத்தில் ஒன்றாகும். அவ்வளவுதான் விதி. திரையில் வள்ள லேயரை 200 புள்ளி நகர்த்தினால் கப்பலுக்கு 20, மலைக்கு 2. இணையத்தில் காணும் பல படங்களில் மலைக்கும் மேகத்துக்கும் தாராளமாக 60, 80 என்று கொடுத்திருப்பார்கள். மலை அட்டைப் பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடும். துறைமுகம் பெரிதாகத் தெரிய வேண்டுமானால் பின்னணி ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும். கொஞ்சம் மிகைப்படுத்துவதில் தவறில்லை, 2ஐ 5 ஆக்கலாம். ஆனால் ஒழுங்கு முறை மாறினால் கண் ஏற்காது.

வள்ளத்தின் ஆட்டம் தனிக் கதை. நிரலில் ‘ரொட்டேட்’ என்று கொடுத்துவிட்டால் உலாவி படத்தின் நடுப்புள்ளியைப் பிடித்துச் சுழற்றும். படத்தில் உயரமான கொடிக்கம்பு ஒன்று இருந்தால் நடுப்புள்ளி காற்றில் எங்கோ இருக்கும். வள்ளம் ஊஞ்சலில் தொங்குவது போல் ஆடும். சுழலும் புள்ளியை நீர்மட்டத்துக்கு அருகே, வள்ளத்தின் உடம்புக்குள் வைக்க வேண்டும். தோல்பாவைக் கூத்தில் பாவையின் தோளிலும் முழங்கையிலும் நூல் கோத்த இடத்தில்தான் கை மடங்கும். ரைனிகரின் அட்டை உருவங்களுக்கும் அப்படித்தான் மூட்டுகளில் கம்பி. வலை இழுக்கும் மீனவரை அசைக்க நினைத்தால் மேல்கை, முன்கை, உடல் ஆகியவற்றைத் தனித்தனி லேயராக்கி, மூட்டுக்கு மூட்டு சுழல்புள்ளி குறித்து, ஒன்று மற்றொன்றுக்குள் அடங்கும்படி கோக்க வேண்டும். மூட்டில் இரண்டு துண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று வட்டமாகப் படிந்திருந்தால் மடக்கும்போது இடைவெளி விழாது.

ஆட்டத்தின் தாளத்துக்கு வருவோம். வள்ளம் மேலும் கீழும் எழுவதும் பக்கவாட்டில் சாய்வதும் வெவ்வேறு அசைவுகள். இரண்டுக்கும் 4 வினாடி கொடுத்தால் கடிகாரப் பெண்டுலம்தான் மிஞ்சும். எழுவதற்கு 4, சாய்வதற்கு 6 என்றால் 12 வினாடிக்கு ஒரு தடவை அதே காட்சி திரும்பும். கூர்ந்து பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். 3.7, 5.3 என்று கொடுத்துப் பாருங்கள். 37க்கும் 53க்கும் பொதுக் காரணி கிடையாது. ஆகவே இரண்டும் ஒன்றாகத் தொடக்கத்துக்கு வர 196 வினாடி, மூன்று நிமிடத்துக்கும் மேல் ஆகும். அவ்வளவு நேரம் யாரும் ஒரு வள்ளத்தையே பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. வட அமெரிக்காவின் சில சில்வண்டு இனங்கள் 13 ஆண்டுக்கும் 17 ஆண்டுக்கும் ஒரு தடவை மண்ணிலிருந்து வெளிவருகின்றன. இரண்டும் பகா எண்கள் என்பதால் அவை ஒரே ஆண்டில் சந்திக்க 221 ஆண்டு வேண்டும். கணக்கு அதேதான்.

பக்கத்தில் நிற்கும் கப்பலுக்கும் இதே ஆட்டத்தைப் பிரதி எடுத்துப் போட்டுவிடக் கூடாது. உட்துறைமுகம் நாலு பக்கமும் நிலம் காக்கும் நீர். வெளிக்கடலின் நீண்ட அலை உள்ளே அவ்வளவாக வராது. உள்ளே இருப்பது காற்று கிளப்பும் சிற்றலை. அதன் நீளம் கப்பலின் நீளத்தில் மிகச் சிறு பங்கு. ஆகவே ஒரே நேரத்தில் பல அலை முகடுகள் மேலே தள்ள, பல பள்ளங்கள் கீழே விட, மொத்தத்தில் எல்லாம் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். வள்ளத்துக்கு 6 புள்ளி என்றால் கப்பலுக்குச் சுழி கொடுப்பதே நேர்மை. கப்பல் ஆடாமல் நிற்பதைப் பார்த்துத்தான் அது பெரியது என்று பார்ப்பவருக்குப் புரிகிறது.

வள்ளம் புறப்படுவதற்கும் ஒரு வளைவு உண்டு. முதல் கணத்திலிருந்தே ஒரே வேகத்தில் போனால் யாரோ கயிறு கட்டி இழுப்பது போலிருக்கும். மெதுவாகத் தொடங்கி, வேகம் பிடித்து, நிற்கும்போது தளர வேண்டும். உலாவிகளில் இந்த வேக மாற்றத்தைக் குறிக்கப் பயன்படும் பெசியே வளைவு பிரெஞ்சுக் கார்த் தொழிற்சாலைகளில் பிறந்தது. ரெனோவில் பியர் பெசியேயும் சித்ரோயனில் போல் த காஸ்தெல்ஜோவும் காரின் உடம்பை வரைய ஒருவரையொருவர் அறியாமலே கண்டுபிடித்த கணிதம். மலையின் கோட்டை வரையும் அதே வளைவு வள்ளத்தின் வேகத்தையும் வரைகிறது.

சில அசைவுகள் நகர்த்துவதாலும் சுழற்றுவதாலும் வராது. செம்பருந்து துறைமுகத்துக்கு மேல் வட்டமிடுவதற்கு ஒரு படம் போதும். அது சிறகை விரித்தபடி மிதக்கிறது. கொக்கு சிறகடித்துப் பறப்பதற்கு ஆறோ எட்டோ தனிப் படங்கள் வேண்டும். அவற்றை ஒரே நீளப் பட்டையாக வரிசைப்படுத்தி, சன்னல் போன்ற சிறு சதுரத்துக்குப் பின்னால் படிப்படியாகத் தாண்டவிட்டால் கொக்கு பறக்கும். தனித்தனிப் படங்கள் ஏன் தொடர் அசைவாகத் தெரிகின்றன? விழித்திரையில் படம் கொஞ்ச நேரம் தங்குவதால் என்று பாடப்புத்தகங்கள் சொல்லி வந்தன. தங்கினால் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று கலங்கித்தான் தெரியும். 1912இல் மாக்ஸ் வெர்த்ஹைமர் மாறி மாறித் தோன்றும் இரண்டு கோடுகளை வைத்தே, அசைவு என்பது மூளை கட்டியெழுப்பும் ஒன்று என்று காட்டினார்.

இவ்வளவையும் உலாவி எப்படி ஓட்டுகிறது? பெரும்பாலான திரைகள் வினாடிக்கு 60 தடவை புதுப்பிக்கும்; ஒரு தடவைக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிவினாடி. அதற்குள் எது எங்கே இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, நிறம் தீட்டி, லேயர்களை அடுக்கி முடிக்க வேண்டும். வள்ளத்தின் இடது ஓரத் தூரத்தை மாற்றி நகர்த்தினால் மூன்று வேலையும் ஒவ்வொரு தடவையும் நடக்கும். ‘டிரான்ஸ்ஃபார்ம்’ வழியாக நகர்த்தினாலோ ‘ஒப்பாசிற்றி’ வழியாக மங்கவிட்டாலோ, ஏற்கெனவே தீட்டிய லேயரைக் கிராஃபிக்ஸ் சில்லு அப்படியே எடுத்து இடம் மாற்றி அடுக்கும். நிறம் தீட்டும் வேலை இல்லை. அடுக்குவது மட்டுமே என்பதால் மலிவான கைப்பேசியிலும் வள்ளம் திக்காமல் போகும்.

நினைவகத்தில்தான் பலர் சறுக்குவது. டேப்லெட்டில் 4000க்கு 3000 புள்ளித் தளத்தில் ஒரு லேயர் என்றால் புள்ளிக்கு 4 பைட்டாக 48 மெகாபைட். இருபது லேயர் 960. செயலி ஒரு கட்டத்துக்கு மேல் லேயர் தர மறுப்பது இதனால்தான். இணையத்துக்காக 1600க்கு 900 ஆகக் குறைத்தாலும் முழுத்தள லேயர் ஒன்று 5.76 மெகாபைட். அதில் வள்ளம் இருப்பது 400க்கு 200 மூலைக்குள், மீதியெல்லாம் வெறுமை. கோப்பின் எடையைப் பார்த்தால் இது தெரியாது, வெறுமை நன்றாகச் சுருங்கும். கோப்பு சில பத்துக் கிலோபைட்தான் காட்டும். திரையில் விரியும்போது வெறுமைக்கும் புள்ளிக்கு 4 பைட் போகும். ஓரம் வெட்டி வள்ளத்தை மட்டும் எடுத்தால் 0.32 மெகாபைட்; பதினெட்டில் ஒரு பங்கு. வெட்டும் முன் வள்ளம் தளத்தில் எங்கே இருந்தது என்று குறித்து வைக்க மறந்தால் மட்டும் அரை நாள் போகும்.

கோப்பு வகைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 1987இல் வந்த ஜிஃப், படத்துக்கு 256 நிறம்தான் தரும். ஒரு புள்ளி முழுதும் தெரியும் அல்லது முழுதும் மறையும். புகாரும் அந்தி வானமும் அதில் படிக்கட்டாகிவிடும். ஒரு தலைமுறை இணைய அசைவுப் படங்களைச் சுமந்த ஃபிளாஷுக்கு 2020 டிசம்பர் 31ஓடு ஆதரவு முடிந்தது. தூரிகைத் தீற்றல் உள்ள லேயர்களுக்கு வெப்பி அல்லது பிஎன்ஜி. மலை போன்ற தட்டையான வடிவங்களுக்கு, புள்ளிகளுக்குப் பதிலாக வளைவுகளைச் சேமிக்கும் எஸ்விஜி. ஒரு மலைத்தொடரின் விளிம்பை முப்பது நாற்பது புள்ளிகளில் எழுதிவிடலாம், எவ்வளவு பெருப்பித்தாலும் கலங்காது. வரைந்த வடிவங்களையும் அவற்றின் அசைவையும் ஒரே எழுத்துக் கோப்பில் கட்டித் தரும் முறையை 2017இல் ஏர்பிஎன்பி நிறுவனம் வெளியிட்டது. அதன் பெயர் லொற்றி. லொற்றே ரைனிகரின் நினைவாக வைத்தது. ஆனால் டேப்லெட்டில் தூரிகையால் தீட்டிய நீரை லொற்றிக்குள் திணிப்பது வீண் வேலை. படத்தை அப்படியே உள்ளே பொதிந்து கோப்பு வீங்கும், வளைவால் வரும் இலாபம் எதுவும் மிஞ்சாது.

ஒருவருக்கு அழகாகத் தெரியும் அசைவு இன்னொருவருக்குத் தலைசுற்றலைத் தரலாம். 2013இல் ஐஓஎஸ் 7 வந்தபோது திரையில் ஆழம் காட்டும் அசைவுகளால் குமட்டுகிறது என்று பலர் முறையிட்டார்கள். கண் நகர்கிறது என்கிறது, உட்காது நிற்கிறது என்கிறது. படகில் போகும்போது சிலருக்கு வயிற்றைப் பிரட்டுவதற்கும் இந்த முரண்தான் காரணம், அங்கே கண்ணும் காதும் இடம் மாறிப் பேசும். இப்போது கைப்பேசி அமைப்பிலேயே அசைவைக் குறைக்கச் சொல்லும் தெரிவு இருக்கிறது. பார்ப்பவர் அதைப் போட்டிருக்கிறாரா என்று, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸில் ஒரு வரியில் கேட்டு அறியலாம். போட்டிருந்தால் பக்கவாட்டு நகர்வுகளையும் வள்ளத்தின் சாய்வையும் நிறுத்திவிட்டு, அந்தி வானத்தின் மேல் இரவு வான லேயரை அரை நிமிடத்தில் மெல்லத் தெளியவிடலாம், எதிர்க்கரை விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறலாம். லேயர்கள் பிரிந்தே இருப்பதால் இதற்கென்று வேறு படம் வரைய வேண்டியதில்லை.